ஊருக்குத் திரும்புகிறேன் என்றார் பாட்டி

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். மாதந்தோறும் 26ஆம் தேதி விடிவதற்கு முன்பே துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒசாகாவுக்கு நான் குடிவந்த புதிதில், படிக்கட்டில் எதிர்ப்பட்ட அவரிடம் எங்கே இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "தென்ரிக்குத் திரும்புகிறேன்" என்றார். திரும்புகிறேன் என்கிறாரே, பிறந்த ஊர் அதுவாக இருக்கும் என்று எண்ணி, அப்பா அம்மா வீடு இன்னும் அங்கே இருக்கிறதா என்று விசாரித்தேன். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஒசாகாவில்தான் என்றார். பிறகு, பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பவர்போல நிதானமாகச் சொன்னார்: "அது எல்லோருக்கும் சொந்த ஊர். உங்களுக்கும்தான்."

யாரைப் பார்த்தாலும் முதலில் சொந்த ஊரைக் கேட்கிற பழக்கத்தில் வளர்ந்தவன் நான். எனக்கே தெரியாமல் எனக்கு இன்னொரு சொந்த ஊர் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அடுத்த 26ஆம் தேதி பாட்டியோடு நானும் கிளம்பினேன். அதன்பிறகு எத்தனையோ முறை போய்விட்டேன். தென்ரி, தென்ரிக்யோ என்ற மதத்தின் ஊர். அந்த மதத்தில் நான் சேரவில்லை, சேரும் எண்ணமும் இல்லை. ஆனால் அந்த ஊரை நான் நேசிக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒசாகாவிலிருந்து கிந்தெட்சு ரயிலில் நாரா சமவெளிக்குள் இறங்கி, ஹிராஹாதாவில் பிரியும் கிளைப்பாதையில் போனால் கடைசி நிலையம் தென்ரி. நாலரை கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தக் கிளைப்பாதையின் முடிவில், வயல்களுக்கு நடுவே, ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பெரிய நிலையம் நிற்கிறது. திருவிழாக் காலச் சிறப்பு ரயில்களுக்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் கண்ணில் படுகிற வாசகம் "யோகோசோ ஒகாயெரி". வேலை முடிந்தோ பள்ளி விட்டோ வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஜப்பானியர் சொல்கிற சொல் ஒகாயெரி, "வந்துவிட்டாயா" என்பதுபோல. கடைக்கு வருபவருக்கும் விருந்தாளிக்கும் வேறு சொற்கள் உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "போய் வருகிறேன்" என்றுதான் ஜப்பானியரும் சொல்வார்கள், நாம் சொல்வதைப் போலவே. போன இடத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தவருக்கு உரிய அந்த ஒரு சொல்லை, ஒரு நகரம் முன்பின் தெரியாத எல்லோருக்கும் வாசலில் எழுதி வைத்திருக்கிறது.

நகரத்தின் பெயரே மதத்தின் பெயர்தான். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, தம்பாயிச்சி என்ற ஊரையும் சுற்றியிருந்த சிற்றூர்களையும் இணைத்து நகராட்சியாக்கியபோது, தென்ரிக்யோ என்ற மதப்பெயரிலிருந்து தென்ரியை எடுத்துக்கொண்டார்கள். வானத்தின் நியதி என்று பொருள் சொல்லலாம். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு கொரோமோ என்ற நகரம் தன்னிடம் இருந்த கார் நிறுவனத்தின் பெயரை ஏற்று தொயோத்தா ஆனது. ஆனால் மதத்தின் பெயரைச் சூடிய நகராட்சி ஜப்பானில் தென்ரி ஒன்றுதான். மக்கள்தொகை அறுபதாயிரத்தைச் சற்றே தாண்டும்.

நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குக் கூரை வேய்ந்த கடைத்தெரு. ஊறுகாய்க் கடை, மிட்டாய்க் கடை, நடுநடுவே கறுப்பு ஹப்பி தைத்து விற்கும் கடைகள். ஹப்பி என்பது தொளதொளவென்ற மேலங்கி. முதுகில் வெள்ளை எழுத்தில் தென்ரிக்யோ என்று இருக்கும். மாத வழிபாடு நடக்கும் 26ஆம் தேதி அந்தத் தெருவில் அதை அணிந்தவர்கள் ஆறுபோல நகர்வார்கள். மருத்துவரா மீன் வியாபாரியா என்று உடையை வைத்துச் சொல்ல முடியாது. மற்ற நாட்களில் தெரு வெறிச்சோடியிருக்கிறது. இறக்கிவிட்ட ஷட்டர்களும் நிறைய. பாட்டி ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மூடிய கடையைக் காட்டி, இங்கே என்ன விற்றார்கள் என்று சொல்லிக்கொண்டே நடப்பார்.

இந்த ஊரின் கதை ஒரு வீட்டைப் பிரித்த கதை. இந்த மதத்தைத் தொடங்கிய மிகி என்ற பெண் 1798ஆம் ஆண்டு இதே சமவெளியில், இன்று தென்ரி நகரத்துக்குள் அடங்கிவிட்ட சன்மைதென் கிராமத்தில் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு வயது என்று எண்ணும் பழைய ஜப்பானியக் கணக்கில் 13 வயதில், பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ள நகயாமா குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். 1838ஆம் ஆண்டு மூத்த மகனுக்குத் தீராத கால்வலி. மலைத்துறவி ஒருவரை அழைத்து மந்திரச் சடங்கு நடத்தினார்கள். வழக்கமாகச் சாமி இறங்கும் பெண் அன்று வரமுடியாமல் போக, மிகி அந்த இடத்தில் உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து வந்த குரல், இந்தப் பெண்ணைத் தன் கோவிலாகத் தரவேண்டும் என்று கேட்டது. குடும்பத்தார் மறுத்தார்கள். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு, அவளைக் கொடுத்துவிட்டு என்ன செய்வது? மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு கணவர் ஜென்பெய் சம்மதித்தார்.

அதற்குப் பிறகு மிகி செய்ததுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. முதலில் தன் துணிமணிகளை, பிறகு வீட்டிலிருந்த பண்டங்களை, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒருநாள், வீட்டின் அக்கினி மூலையில் கூரை ஓட்டைப் பிரி என்றார். கொஞ்ச காலம் கழித்து, ஈசானிய மூலையிலும் பிரி என்றார். தென்கிழக்கும் வடகிழக்கும். மூலைகளுக்குப் பலன் பார்க்கிற வழக்கம் அந்த ஊரிலும் உண்டு. வடகிழக்கு அங்கே பேய் நுழையும் வாசல். உறவினர்கள் உறவை முறித்துக்கொண்டார்கள். 1853ஆம் ஆண்டு ஜென்பெய் இறந்துபோக, அதே ஆண்டில் பெரிய வீட்டையே முழுதாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கூரையை இறக்க வந்த ஆட்களுக்கு மிகி சாக்கே மதுவும் பதார்த்தங்களும் பரிமாறி, உலகத்தைக் கட்டும் வேலையை இன்று தொடங்குகிறேன், சந்தோஷப்படுங்கள் என்றாராம்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஓடு இறக்கும் சத்தம் தெரியும். ஒருவர் மேலே நின்று கொடுக்க, ஒருவர் ஏணியில் வாங்க, கீழே அடுக்குகிறவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். விரிசல் விட்டது வேறு விதமாக ஒலிக்கும். வெயில் விழாத அறைக்குள் முதல்முறையாக வெயில் விழும். அந்த வெயிலைப் பார்ப்பதற்கே மனம் கூசும். அந்த முற்றத்தில் நின்று மதுக்கிண்ணத்தை நீட்டிய பெண்ணைப் பைத்தியம் என்று ஊர் சொன்னதை நான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்த பத்தாண்டுகள் வறுமை. விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் நிலா வெளிச்சத்தில் நூல் நூற்றார்கள். அம்மா, வீட்டில் அரிசி இல்லை என்று கடைசி மகள் கோகன் சொன்னபோது மிகி சொன்ன பதிலைப் பாட்டி எனக்கு ரயிலில் சொன்னார். தலைமாட்டில் உணவைக் குவித்து வைத்திருந்தும் ஒரு வாய் விழுங்க முடியாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள், நமக்கோ தண்ணீரைக் குடித்தால் தண்ணீரின் சுவை தெரிகிறதே என்றாராம். பாட்டியின் கணவர் கடைசி மாதங்களில் எதையும் விழுங்க முடியாமல் இருந்தவர். அதை அவர் எனக்குப் பிறகுதான் சொன்னார்.

மிகியிடம் ஊரார் முதலில் தேடி வந்தது பிரசவத்துக்காக. 1854ஆம் ஆண்டு மகளின் தலைப்பிரசவத்தில் தொடங்கி, சுகப்பிரசவ அருள் என்று ஒன்றை வழங்கினார். கர்ப்பிணி வயிற்றில் துணி கட்ட வேண்டாம், பத்தியம் வேண்டாம், பெற்றபின் சாய்ந்தே கிடக்க வேண்டாம், 75 நாள் தீட்டும் வேண்டாம் என்றார். இந்த நான்காவதை நான் இரண்டு மூன்று முறை திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். 170 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நாட்டுப்புறத்தில், பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு இல்லை என்று பெண்ணொருத்தி அறிவித்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பெண்கள் அவர் வாசலில் வந்து நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1864ஆம் ஆண்டு, பிரசவக் கோளாறில் மனைவி படுத்துவிட்ட இபுரி இசோ என்ற தச்சர் வந்தார். மனைவி குணமடைந்ததும், நன்றிக்கு ஒரு சிறு மாடம் செய்து தருகிறேன் என்றார். அதிலிருந்துதான் இங்கே கட்டும் வேலை ஆரம்பித்தது. இசோவே பின்னாளில் மிகியின் வாக்கைத் தொடர்ந்து சொல்பவரானார். 1875ஆம் ஆண்டு மிகி முற்றத்தில் நடந்துகொண்டிருக்கும்போது ஓரிடத்தில் கால் அசையாமல் நின்றுவிட்டது. மற்றவர்களின் கண்ணைக் கட்டி நடக்கவிட்டார். அதே இடத்தில் அவர்கள் காலும் நின்றது என்கிறார்கள். மனித இனம் முதலில் கருவான இடம் அது என்று மிகி சொன்னார். ஜிபா என்று பெயர். எல்லோருக்கும் சொந்த ஊர் என்று பாட்டி சொன்னது அந்த ஓரடி மண்ணைத்தான்.

இன்று அந்த மண்ணைச் சுற்றி நான்கு திசையிலும் நான்கு வழிபாட்டுக் கூடங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தாதாமிப் பாய்கள். இரவும் பகலும் பூட்டுவதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால், நடுவில் பள்ளமான ஓரிடத்தில் ஒரு மரத்தூண் தெரிகிறது. கன்ரோதாய். அறுகோண வடிவில் 13 அடுக்குகள், இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். சிலை இல்லை, படம் இல்லை. தூணுக்கு நேர்மேலே கூரையும் இல்லை. அத்தனை பெரிய கட்டடத்தின் நெஞ்சுக்குழியில் வானம் திறந்து கிடக்கிறது. ஒருமுறை நான் உட்கார்ந்திருக்கும்போது மழை வந்தது. சுற்றிலும் ஆயிரம் பேர் நனையாமல் இருக்க, அந்தத் தூண் மட்டும் நனைந்தது. அக்கினி மூலையில் பிரித்த ஓடு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

இந்தத் தூணைக் கல்லில் செய்யத் தொடங்கி, 1882ஆம் ஆண்டு இரண்டு அடுக்கு முடிந்திருந்தபோது காவல்துறை வந்து கற்களை எடுத்துச் சென்றுவிட்டது. அதனால்தான் இன்று மரம்.

பாட்டனார் காலத்துப் பாட்டுபோல மெதுவாக ஒலிக்கிற "அஷிகி ஓ ஹாரோதே தஸுகே தமாயே" என்ற வரியை அன்றாட வழிபாட்டில் 21 முறை பாடுகிறார்கள். தீயதைப் பெருக்கித் தள்ளிக் காப்பாற்றும் என்று பொருள். பாடும்போது இரண்டு உள்ளங்கைகளும் நெஞ்சுக்கு முன்னால் இடமும் வலமுமாகப் பெருக்குகின்றன. மனிதனிடம் பாவம் இல்லை, தூசிதான் படிகிறது என்பது அவர்கள் கொள்கை. கஞ்சத்தனம், பொருளாசை, வெறுப்பு, தன்மேல் பிரியம், மனக்கறுவல், கோபம், பேராசை, செருக்கு என்று தூசி எட்டு வகை. உடம்போ கடவுளிடம் இரவல் வாங்கியது. மனம் மட்டும்தான் நமக்குச் சொந்தம்.

தூசி என்றால் துடைக்க வேண்டுமே. கூடங்களை இணைக்கிற மரத்தாழ்வாரம் சுற்றிவரச் சுமார் 800 மீட்டர். அதை எந்நேரமும் யாராவது மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹினோகிஷின் என்று பெயர்; நம் உழவாரப்பணிக்குப் பக்கத்தில் வருகிற சொல். முதல்முறை போனபோது பாட்டி பையிலிருந்து நாலாக மடித்த இரண்டு துணிகளை எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். முழங்காலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த உறையும் அவரிடம் இருந்தது. பலகையின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது என்றார். வாய்க்குள் பாட்டை முணுமுணுத்தபடி, ஒரு பலகை முடிந்ததும் அடுத்ததற்கு நகர்ந்தார். துடைக்கத் தூசியே இல்லை. அந்தப் பலகைகள் நீர்ப்பரப்பு மாதிரி பளபளக்கின்றன. குனிந்தால் நம் முகம் மங்கலாகத் தெரியும். எங்களுக்கு முன்னால் ஓர் இளைஞன், பின்னால் பள்ளிச் சிறுமி ஒருத்தி. யாரும் யாரையும் முந்தவில்லை. கால்மணி நேரத்தில் நான் எழுந்துவிட்டேன். பாட்டி தாழ்வாரத்தின் திருப்பம் வரை போய்த்தான் எழுந்தார்.

தாழ்வாரம் வடக்கே மிகியின் மாளிகைக்குப் போகிறது. ஓயாசாமா, தாய் என்று அவரை அழைக்கிறார்கள். 1887ஆம் ஆண்டு, ஜப்பானியக் கணக்கில் 90 வயதில் அவர் மறைந்தார். இறந்தார் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. உருவத்தை மறைத்துக்கொண்டார், இங்கேயே வசிக்கிறார் என்கிறார்கள். வெறும் பேச்சாகச் சொல்வதில்லை. நாளுக்கு மூன்று வேளை உணவு சமைத்து வைக்கிறார்கள். குளிக்க வெந்நீர் போடுகிறார்கள். இரவில் படுக்கை விரிக்கிறார்கள். அவருக்கென்று தைத்த சிவப்பு உடையைப் பிறகு துண்டுகளாக்கி, திரும்பி வந்தவர்களுக்குக் காப்பாகக் கொடுக்கிறார்கள். பாட்டியின் கழுத்தில் அந்தத் துணி இருக்கிறது. வீடே வேண்டாம் என்று ஓட்டைப் பிரித்தவருக்கு, தினமும் பாய் விரித்து வைத்திருக்கிற ஒரு வீடு.

என்னை நெருடும் விஷயங்களும் இந்த ஊரில் உண்டு. கூடங்களைச் சுற்றி, பக்கத்துக்கு 872 மீட்டர் நீளமுள்ள ஒரு சதுரமாக, ஏழெட்டு மாடிக் கட்டடங்கள் கோட்டைச் சுவர்போல எழுகின்றன. கான்கிரீட் உடம்புக்கு மேல் ஓட்டுக் கூரை. திட்டப்படி மொத்தம் 68 கட்டடங்கள். 1950களில் தொடங்கி இன்னும் முடியவில்லை. கட்டுவதற்கு முடிவே இல்லை என்பதை அவர்கள் ஒரு நம்பிக்கையாகவே வைத்திருக்கிறார்கள். தண்ணீரின் சுவையைச் சொன்ன பெண்ணின் பெயரால் இத்தனை கான்கிரீட் எதற்கு என்று ஒருமுறை பாட்டியிடம் கேட்டேவிட்டேன். பிள்ளைகள் நிறையப் பேர் வந்தால் எங்கே படுப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். என் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களில் பள்ளி, மருத்துவமனை, தங்குமிடம் எல்லாம் இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மருத்துவமனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனத்தூசியைச் சுட்டிக்காட்டவே நோய் வருகிறது என்ற போதனையை நான் ஏற்கவில்லை. நோயாளி தன்னையே நொந்துகொள்ள அது வழிவகுக்கும். அந்தப் போதனையை வைத்திருக்கிற மதமே 1966ஆம் ஆண்டு ஒரு பெரிய நவீன மருத்துவமனையைத் திறந்தது. அறுவை சிகிச்சையும் மருந்தும் ஒரு பக்கம். படுக்கையருகே வந்து கைகூப்பிப் பிரார்த்திக்கிறவர்கள் மறுபக்கம். தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாமல் இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தது விவேகம் என்றே நினைக்கிறேன்.

நூலகமும் அப்படித்தான். மிகியின் வழிவந்த இரண்டாம் தலைவர் நகயாமா ஷோசென் தீராத புத்தகப் பித்தர். வெளிநாடு சென்று சமயம் பரப்ப ஆட்களைத் தயார்செய்ய 1925ஆம் ஆண்டு அயல்மொழிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அது தென்ரி பல்கலைக்கழகம். அதோடு வளர்ந்த நூலகத்தில் இப்போது ஏறத்தாழ இருபது லட்சம் நூல்கள், தேசியப் பொக்கிஷங்கள் என்று அரசு அறிவித்தவையும் அவற்றில் உண்டு. ஜூடோ தெரிந்தவர்களுக்கு இந்தப் பல்கலைக்கழகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நோமுரா தாதாஹிரோ இங்கே படித்தவர்.

சென்ற குளிர்காலத்தில் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை. நான் மட்டும் போனேன். திரும்பும்போது வேறொரு ரயில்பாதையில், நாரா பக்கமாக ஒரு நிலையம் தள்ளி, இச்சினோமோதோவில் இறங்கினேன். அதுவும் தென்ரி நகரத்தைச் சேர்ந்ததுதான். அனுமதியில்லாமல் ஆட்களைக் கூட்டி வழிபாடு நடத்துகிறார் என்று மிகியை 17 அல்லது 18 முறை பிடித்துச் சென்றிருக்கிறார்கள். கடைசி முறை 1886ஆம் ஆண்டு பிப்ரவரி. ஜப்பானியக் கணக்கில் அவருக்கு 89 வயது. முப்பது ஆண்டுகளில் காணாத குளிர் என்கிறார்கள். இங்கிருந்த காவல் நிலையத்தின் பலகைத் தரையில் 12 நாள் வைத்திருந்தார்கள். பேத்தி ஒருத்தி கூடவே உட்கார்ந்து காற்றை மறைத்தாள்.

அந்த 12 நாளைப் பற்றி இரண்டு சம்பவங்களைச் சொல்வார்கள். ஒருநாள் விடிந்து வெளிச்சம் வந்த பிறகும், காவலர் தூங்கிவிட்டதால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிகி மெல்ல எழுந்துபோய் ஊதி அணைத்தார். காவலர் விழித்துக்கொண்டு அதட்டினார். பொழுது விடிந்துவிட்டதே, எண்ணெய் வீணாகிறது என்றார் மிகி. எண்ணெய் இல்லாமல் நிலவில் நூல் நூற்ற கை அது.

இன்னொரு நாள் தெருவில் மிட்டாய்க்காரர் போவதைப் பார்த்துவிட்டு, பேத்தியிடம் கொஞ்சம் வாங்கு என்றார். யாருக்கு என்று கேட்டாள். அதோ, அந்தக் காவலர் பாவம், வேலையில்லாமல் அலுப்போடு உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கொடுக்கலாம் என்றார். இங்கே அதெல்லாம் வாங்க விடமாட்டார்கள் என்று பேத்தி சொன்னதும், அப்படியா என்று சும்மா இருந்துவிட்டார்.

காவல் நிலையம் இருந்த இடத்தைத் தேடி நடந்து, வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். தெருவில் குளிர் காற்று. பக்கத்துக் கடையில் அரிசி மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். ஒசாகாவில் இரண்டாம் மாடிக் கதவைத் தட்டியபோது பாட்டி போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து திறந்தார். பொட்டலத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஒகாயெரி" என்றார்.